பூனைக்கு ஒரு வாசல்: பிளாஸ்ரிக் கதவை வெட்டுவதா, பலகையை மாற்றுவதா?

விடியப்புறம் நாலரைக்குப் பூனை பின்கதவைப் பிறாண்டும் சத்தம் எப்படியிருக்கும் என்று பிளாஸ்ரிக் கதவு போட்டவர்களுக்குத்தான் தெரியும். மரக்கதவென்றால் கரகரவென்று அடங்கிக் கேட்கும். இது மத்தளத்தில் நகத்தால் இழுத்தமாதிரி வீடு முழுக்கக் கேட்கும். அம்மா எழும்பிப் போய்த் திறந்துவிடுவா. ஐந்து மணிக்கு அதே பூனை, எங்கள் கறுப்பி, வெளியில் நின்று கத்தும். திரும்பவும் அம்மாதான். "நான் என்ன, இதுக்கு வாசல்காவலோ?" என்று அவ கேட்ட நாளில்தான் கதவில் பூனைக்கென்று ஒரு வாசல் வைக்கும் யோசனை வந்தது.

லண்டனில் இருக்கிற மச்சாள் ஊருக்கு வந்தபோது அங்கத்தைய பூனைவாசலைக் கைபேசியில் காட்டியிருந்தா. கதவின் கீழ்ப்பாகத்தில் ஒரு சதுர ஓட்டை, அதில் மேற்பக்கம் கீல் வைத்து ஆடுகிற ஒரு சின்னத் தட்டு. பூனை தலையால் தள்ளினால் திறக்கும், போனபின் தானாக விழுந்து மூடும். அங்கே அதை வைப்பவர்களின் பெரிய கவலை குளிர்காற்று உள்ளே வரும் என்பது. கிளிநொச்சி முரசுமோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல். இங்கே காற்று வந்தால் நல்லது. அந்த ஓட்டையால் வேறு என்னென்ன வரும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

பூனையை நாங்கள் செல்லத்துக்கு வளர்க்கவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஆனால் தொடங்கியது எலிக்காகத்தான். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டோடு பிறகு ஒரு பின்பத்தி, அதாவது பின்சுவரோடு சேர்த்த சாய்ப்பு, இறக்கினோம். காலபோகம் வெட்டி நெல்லைக் காயவைத்து மூடை கட்டி அந்தப் பத்தியில்தான் அடுக்குவோம். எலி ஒரு மூடையை முழுசாகத் தின்னாது, பத்து மூடையில் பத்து ஓட்டை போடும். பிறகு சிந்தின நெல்லை அள்ளுவதா, மூடையைத் தைப்பதா? பத்தியின் மரக்கதவைக் கறையான் நிலையோடு சேர்த்துத் தின்றுவிட்டதால்தான் பிளாஸ்ரிக் கதவுக்கே போனோம். ஆக, பூனை இரவில் நிற்கவேண்டிய இடம் பத்தி. வெளியில் போய்வர விரும்பும் நேரமும் இரவு. பிரச்சினை முழுவதும் இந்த இரண்டு வரியில் இருக்கிறது.

வெட்டுகிற கருவியை எடுக்கமுன் கதவை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பிளாஸ்ரிக் கதவு என்று சொல்லப்படுவது இரண்டு வகை. ஒன்று, குளியலறைகளுக்குப் போடுகிற லேசான கதவு. மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி டொக்டொக்கென்று கேட்கும். உள்ளே கூடு, நெடுக்காக மெல்லிய தடுப்புகள் ஓடும், அவ்வளவுதான். மற்றது, தடித்த சட்டம் போட்டு நடுவில் பலகை செருகின கதவு. சட்டம் பிளாஸ்ரிக்காகவும் இருக்கலாம், அலுமினியமாகவும் இருக்கலாம். பலகையைத் தட்டினால் சத்தம் அடங்கிக் கேட்கும். ஏனென்றால் இரண்டு மெல்லிய பிளாஸ்ரிக் தகட்டுக்கு நடுவில் நுரை இருக்கும். இந்தப் பலகைகள் பெரும்பாலும் 20, 24, 28 மில்லிமீற்றர் தடிப்பில் வரும். பலகையைச் சுற்றி உள்பக்கத்தில் ஒரு ஒல்லிச் சட்டம் அழுத்திச் செருகியிருக்கும். அதைக் கழற்றினால் பலகை முழுதாகக் கையோடு வரும். எந்த வழி என்பதற்கான முடிவில் முக்கால்வாசி இந்தத் தட்டலிலேயே கிடைத்துவிடும்.

முதலாவது வகைக் கதவை நான் வெட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இல்லை, தம்பி வீட்டில். அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். எனக்குத்தான் அவசரம். கையில் கிறைண்டர் இருந்தது, அதுதான் பிழை. கிறைண்டர் தட்டு சுழலும் வேகத்தில் பிளாஸ்ரிக் வெட்டுப்படாமல் உருகும். இந்தக் கதவுகளின் பிளாஸ்ரிக்கான பிவிசி 80 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடுகிற சாமான். உருகினது வெட்டின கோட்டிலேயே திரும்ப ஒட்டிக்கொண்டது. ஓரமெல்லாம் மஞ்சளாகிக் குமிழ் குமிழாக எழும்பியது. புகைநாற்றம் வேறு, அதைச் சுவாசிக்கவும் கூடாது.

வெட்டு அசிங்கமானதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. ஓட்டை போட்டபின்தான் கூட்டின் வாய்கள் எல்லாம் திறந்துகிடந்தன. பூனைவாசலின் உள்சட்டமும் வெளிச்சட்டமும் கதவை நடுவில் வைத்து நாலு திருகாணியால் ஒன்றையொன்று இறுக்குபவை. நான் இறுக்க இறுக்கக் கதவின் தோல் உள்ளே அமுங்கியது. இன்னும் ஒரு சுற்று விட்டிருந்தால் வெடித்திருக்கும். தளர்த்தினேன், சட்டம் ஆடியது. இரண்டு கிழமைக்குள் சிற்றெறும்பு அந்தக் கூட்டுக்குள் குடியேறியது. மழைக்குப் பிறகு கதவின் அடியால் தண்ணீர் சொட்டியது. தம்பி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. விருந்தாளிகள் வந்தால் மட்டும் அந்தக் கதவைக் காட்டி "அண்ணா செய்தது" என்பான்.

கூட்டுக் கதவைத் தவிர வேறு வழியில்லை என்றால் சரியாகச் செய்யவும் ஒரு முறை இருக்கிறது. ஓட்டை வெட்டியபின், கூட்டின் உள்ளகலத்துக்குச் சரியாக இழைத்த மரச்சட்டத் துண்டுகளை நாலு பக்கமும் உள்ளே செருக வேண்டும். குறுக்கே வரும் மெல்லிய தடுப்புகளை அந்த அளவுக்குக் கொத்தி எடுக்க வேண்டும். திருகாணி அந்த மரத்தோடு சேர்த்துப் பிடித்தால் கதவு அமுங்காது. மரத்துக்குக் கறையான் மருந்து பூசி, பொருத்தை எல்லாம் சிலிக்கனால் அடைக்க வேண்டும். செய்யலாம், ஆனால் அரைநாள் போகும். இவ்வளவும் செய்தபின்னும் கையிலிருப்பது ஓட்டை விழுந்த ஒரு மலிவுக் கதவு. பூனை செத்துப்போனால், வீட்டை வாடகைக்குக் கொடுத்தால், கதவை முழுதாக மாற்றவேண்டியதுதான்.

பலகைக் கதவு என்றால் கதை வேறு. எங்கள் பத்திக் கதவு அந்த வகை, கீழ்ப்பாதியில் ஒரு பலகை. அலுமினியம் பொருத்துகிற கடையில் போய் அதே அளவில் இன்னொரு பலகை வெட்டித் தரும்படி கேட்டேன். "பழசு உடைஞ்சுபோச்சோ அண்ணை?" என்று பெடியன் கேட்டான். பூனைக்கு என்று சொன்னதும் சிரித்துவிட்டு ஒரு துண்டை எடுத்து அளந்தான். பழைய பலகையை வெட்டாமல் எடுத்துவைக்கலாம் என்பதுதான் இந்த வழியின் பெரிய லாபம். ஓட்டை போட்ட பலகை பிடிக்கவில்லையா, ஒல்லிச் சட்டத்தைக் கழற்றிப் பழசைத் திரும்பப் போடப் பத்து நிமிடம். வாடகை வீட்டிலிருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு லாபம், பலகையை வாங்கில் படுக்கவைத்து ஆறுதலாக வெட்டலாம். தொங்குகிற கதவில் குந்தியிருந்து வெட்டினால் கோடு கோணும். வெட்டும் கோட்டின்மேல் முதலில் கடதாசி ஒட்டுநாடா ஒட்டி அதன்மேல் பென்சிலால் வரைந்தேன். தோல் சிலும்பாமல் இருக்க அது உதவும். நாலு மூலையிலும் 10 மில்லிமீற்றர் துளை. அந்தத் துளை வாளை உள்ளே விட மட்டுமில்லை. கூரான மூலை விட்டால் பிளாஸ்ரிக் அங்கிருந்துதான் வெடிப்பு ஓடும், வளைந்த மூலை அதைத் தடுக்கும். ஜிக்சோ இருந்தால் சின்னப் பல்லுள்ள அலகு போட்டு வேகத்தைக் குறைத்து வெட்டலாம். எனக்கு இரும்பறுக்கிற வாளின் அலகு ஒன்றே போதுமாக இருந்தது. ஒரு நுனியில் சீலை சுற்றிக் கையில் பிடித்து இருபது நிமிடத்தில் நாலு பக்கமும் அறுத்து முடித்தேன். பிறகு அரம். நடுவில் தெரிகிற நுரையைச் சிலிக்கனால் மெழுகிவிட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு அதையும் விடாது.

ஓட்டையைப் பூனைவாசலின் அளவுக்கு மட்டாக வெட்டாமல் சுற்றிவர இரண்டு மில்லிமீற்றர் கூட வெட்டுங்கள். பிளாஸ்ரிக் வெயிலுக்கு மரத்தைவிட அதிகம் விரியும். எங்கள் பத்தி மேற்குப் பார்த்தது. 60 சென்ரிமீற்றர் அகலப் பலகை காலைக்கும் பின்னேர வெயிலுக்கும் இடையில் 30 பாகை சூடேறினால் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல் நீளும். மட்டாக வெட்டினால் அந்த ஒரு மில்லிமீற்றர் சட்டத்தை நெருக்கி, ஆடும் தட்டை இறுக்கிப்போடும். சித்திரை மாதத்தில் பின்னேரம் திறக்காமல் இரவில் திறக்கிற வாசலை எந்தப் பூனைதான் நம்பும்? திருகாணியையும் முழுமூச்சில் முறுக்காதீர்கள், சட்டம் அசையாமல் நின்றால் போதும்.

சுவரில் ஓட்டை போடலாமே என்று மேசன் ஒருவர் சொன்னார். கதவு பழுதாகாது, உண்மை. ஆனால் கல்லுச் சுவரில் அது ஒரு குகை மாதிரி வரும். ஆறு அங்குலக் கல்லும் இரண்டு பக்கப் பூச்சும் சேர்ந்த நீளத்துக்கு உள்ளே பூசி, மழைத்தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவும் விட வேண்டும். இருட்டும் குளிர்ச்சியுமான குகையை இந்த ஊரில் ஆர் முதலில் விரும்புவார் என்று சொல்லத் தேவையில்லை. மனம் மாறினால் திரும்ப அடைத்துப் பூசி நிறமும் அடிக்க வேண்டும். நான் அந்த யோசனையை அன்றே விட்டுவிட்டேன்.

யன்னல் வழி அப்படியில்லை, கொஞ்சம் யோசிக்கத்தக்கது. குசினி யன்னலில் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பலகைத் துண்டு பொருத்தி அதில் பூனைவாசலை வைக்கலாம். நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் இருப்பதால் தவளை, தேரை, நண்டு, வெள்ளம் எதுவும் வராது. தெருநாய் மூக்கை நீட்டாது. பூனைக்கு மூன்றடி ஒரு விஷயமே இல்லை. கதவு கூட்டுவகையாக இருந்தால் நான் முதலில் பார்ப்பது யன்னலைத்தான். தம்பி வீட்டிலும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். குறை என்னவென்றால், பூனை இறங்கும் இடம் பெரும்பாலும் அடுப்படித் தட்டு. சேற்றுக் காலோடு அம்மியின் பக்கத்தில் குதிக்கிற பூனையை எந்த வீட்டம்மாவும் இரண்டாம் நாள் பொறுக்கமாட்டா. குட்டித்தாய்ச்சிப் பூனைக்கும் கிழட்டுப் பூனைக்கும் அந்த ஏற்றம் கஷ்டம். கண்ணாடியிலேயே ஓட்டை போடலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் கண்ணாடியில் வட்டமாக வெட்டித் தருவார்கள், பதப்படுத்திய கண்ணாடியை வெட்டவே முடியாது, மொத்தமும் பொடியாகும்.

இனி, ஆடுகிற தட்டு. சும்மா ஆடுகிற தட்டுத்தான் மலிவு, அதை யாரும் தள்ளலாம். அடுத்தது நாலு நிலைப் பூட்டு உள்ளது: இரண்டு பக்கமும் திறக்கும், உள்ளே வரமட்டும் விடும், வெளியே போகமட்டும் விடும், முழுக்கப் பூட்டும். மூன்றாவது காந்தச் சாவி. பூனையின் கழுத்துப் பட்டியில் ஒரு சின்னக் காந்தம் தொங்கும், அது கிட்ட வந்தால்தான் தட்டு விடும். நாலாவது, பூனையின் தோலுக்கடியில் வைத்த மைக்றோசிப்பை வாசித்துத் திறப்பது. அந்தச் சிப்பில் 15 இலக்க எண் ஒன்று இருக்கும், வாசல் அதை ஞாபகம் வைத்திருக்கும். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பற்றறியில் ஓடுவது, விலை கூடியது, பூனைக்கு முதலில் சிப் வைக்கவேண்டும். கிளிநொச்சியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் சாதாரணப் பூனைவாசலே இல்லை. கொழும்பிலிருந்து பார்சலில்தான் எடுத்தேன்.

காந்த வகையை நான் விட்டதற்குக் காரணம் கழுத்துப் பட்டி. கறுப்பி போவது பற்றைக்குள்ளும் முள்வேலிக்குள்ளும். பட்டி கொழுவினால் கழன்றுவிடும் வகையாக இருக்க வேண்டும், அப்படிக் கழன்றால் சாவி தொலைந்தது, பூனை வெளியில். கழலாத வகையென்றால் பூனை தொங்கும். இரண்டுமே எனக்குச் சரிவரவில்லை. நாலு நிலைப் பூட்டுள்ளதையே எடுத்தேன்.

பாம்பு விஷயத்தை ஒழுங்காகப் பேசவேண்டும். இங்கே மாரி தொடங்கினால் பாம்பு வீட்டுக்கு ஏறும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் வான்பாய்ந்து வெள்ளம் வந்தபோது வயலிலிருந்த எல்லா உயிருக்கும் திட்டி என்று இருந்தது வீடுகள்தான். நாகமும் புடையனும் கண்ணில் பட்டுவிடும். கட்டுவிரியன்தான் பயம். அது இரவில் திரிவது, நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிப்பது, கடித்த இடத்தில் நோவோ வீக்கமோ பெரிதாக இராது. ஏதோ பூச்சி என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். விடியும்போது கண்ணிமை தூக்கமுடியாது, மூச்சு முட்டும். சந்தேகம் வந்த உடனே ஆசுப்பத்திரிக்குப் போகவேண்டிய கடி அது.

ஆடும் தட்டைப் பாம்பு தள்ளித் திறக்குமா? லேசான தட்டென்றால், ஓரத்தில் விரல் அளவு இடைவெளி இருந்தால், வரலாம். ஆனால் பூனைவாசலைப் பற்றி இப்படிப் பயப்படுகிற நாங்கள் அதே கதவின் அடியைக் குனிந்து பார்த்ததில்லை. நான் பார்த்தேன். சுண்டுவிரல் சுகமாகப் போகும் இடைவெளி, ஏழு வருடமாக. குளியலறைத் தண்ணீர் போகும் குழாய்க்கு மூடி இல்லை. பூனைவாசலுக்கு முன்னால் அந்த இரண்டையும் அடைத்தேன். கதவடிக்கு றப்பர் பட்டி, குழாய் வாய்க்கு வலை.

யோசிக்காமல் விட்ட இன்னொன்று, பாம்பு தானாக வரத் தேவையில்லை, பூனை கொண்டுவரும். பூனை பிடித்ததை எல்லாம் கொன்றுவிட்டா கொண்டுவருகிறது? அரை உயிரோடு கௌவிக்கொண்டு வந்து வீட்டுக்குள் விட்டு விளையாடும். பூனை கொண்டுவந்து கட்டிலுக்கடியில் விட்ட எலியைத் தேடி நாங்கள் ஒரு இரவு முழுக்க விழித்திருக்கிறோம். ஆகவே உள்ளே வரமட்டும் விடும் நிலை பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். மைக்றோசிப் வாசலும் இதற்கு விலக்கில்லை, சிப் இருக்கிறது என்று திறந்துவிடும், வாயில் என்ன இருக்கிறது என்று பார்க்காது.

அதனால்தான் பூனைவாசலை எந்தக் கதவில் வைப்பது என்பது எந்த வகை வாங்குவது என்பதைவிட முக்கியம் என்கிறேன். படுக்கிற அறைக்கோ கூடத்துக்கோ நேரே திறக்கும் கதவில் வைக்கவே கூடாது. எங்கள் பத்திக்கு வெளிக்கதவு ஒன்று, பத்தியிலிருந்து குசினிக்கு உள்கதவு ஒன்று. பூனைவாசல் வெளிக்கதவில். இரவில் உள்கதவைச் சாத்தி, அதன் அடியிலும் றப்பர் பட்டி. பூனை பத்திக்கும் வயலுக்கும் இடையில் தன்பாட்டில் போய்வரும், நெல்மூடை காவலும் நடக்கும். கடும் மழை நாட்களிலும் வெள்ளம் வரும்போலிருந்தாலும் பூனையைப் பத்திக்குள் விட்டு வாசலை முழுக்கப் பூட்டிவிடுவேன். பத்தியில் விடியக் காலையில் விளக்குப் போடாமல் காலை வைக்கக்கூடாது என்பது வீட்டில் இப்போது சட்டம். ஒற்றைக் கதவு வீடென்றால் நாலு நிலைப் பூட்டை ஒவ்வொரு இரவும் பூட்டவேண்டும், பிறகு பூனை பிறாண்டுவதையும் கேட்கவேண்டும். அப்படியென்றால் கதவை வெட்டாமலே இருக்கலாம்.

உயரத்துக்கு ஒரு வார்த்தை. ஓட்டையின் கீழ்விளிம்பு பூனையின் வயிற்று மட்டத்துக்கு வரவேண்டும், சாதாரணப் பூனைக்கு நிலத்திலிருந்து 10 முதல் 15 சென்ரிமீற்றர். ஆனால் உள்ளே அளந்தால் மட்டும் போதாது. வெள்ளத்துக்குப் பயந்து எங்கள் வீடுகளின் அத்திவாரத்தை உயர்த்தித்தானே கட்டுகிறோம்? உள்ளே 12 சென்ரிமீற்றர், வெளியே பார்த்தால் முழங்காலுக்கு மேல். முதல் நாள் கறுப்பி வெளியே விழுந்து என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அடுத்த நாளே ஒரு சீமெந்துக் கல்லைப் படியாகப் போட்டேன்.

பழக்கியது ஐந்து நாள். முதல் இரண்டு நாள் தட்டை மேலே தூக்கி உடுப்புக் கொழுவுகிற கிளிப்பால் பிடித்துவைத்தோம். வெறும் ஓட்டைக்குள்ளால் நெத்தலிக் கருவாட்டு மணத்துக்குப் போய்வந்தது. மூன்றாம் நாள் தட்டைப் பாதி இறக்கினோம், தலையை விட்டு யோசித்தது, போனது. நாலாம் நாள் முழுக்க இறக்கியதும் முன்னால் குந்தியிருந்து கத்தியது. அம்மா போய்க் கதவைத் திறந்துவிட்டா. "அம்மா, அது பழகவேணும்" என்றேன். "பாவமடா" என்றா. ஐந்தாம் நாள் அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் கறுப்பி தானே தள்ளிக்கொண்டு போனது. போய்வருகிற பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசியை நாள் தவறாமல் போட்டுவிடுங்கள், வெளியில் எதோடு சண்டை பிடிக்கிறதென்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

எங்கள் பழைய பலகை உரப்பையில் சுற்றித் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நிற்கிறது. தம்பி வீட்டில் பூனைவாசலைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையை உள்பக்கத்தால் ஒரு அலுமினியத் தகடு வைத்து அடைத்திருக்கிறோம். யன்னலுக்கு மாற்றித் தருகிறேன் என்று நானும் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிறைண்டரை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் பார்க்கலாம் என்கிறான்.